தம் கட்டாத பயிற்சி: பக்கவாதத்துக்குப் பிறகு, ரத்தக் கொதிப்போடு பிலாட்டீஸ்

பக்கவாதம் வந்தவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி நிறுத்தும்போது, தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வீடுகளில் சுற்றி நிற்பவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "தம் கட்டி எழுந்திருங்க." மூட்டை தூக்கியவர்களுக்கும் கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கும் பழகிப்போன வழி அது. மூச்சை உள்ளே இழுத்து, தொண்டையை அடைத்து, ஒரே முக்காக முக்கினால் பாரம் எழும். ரத்தக் கொதிப்பு இருந்து, ஒருமுறை மூளையில் ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ போனவர் செய்யவே கூடாத வேலை அதுதான்.

தொண்டையை மூடிக்கொண்டு முக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது. கூடவே ரத்த அழுத்தமும் எகிறுகிறது. முக்கல் நீடித்தால் இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைந்து அழுத்தம் சரிகிறது. மூச்சை விட்டதும் மறுபடி மேலே துள்ளுகிறது. பத்துப் பதினைந்து நொடிக்குள் இத்தனை ஏற்ற இறக்கம். தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது என்று பயிற்சிக்கு நடுவே சொல்பவர்களில் பலர் அதற்கு முந்தின நொடி தம் கட்டியிருப்பார்கள். மலச்சிக்கலோடு கழிப்பறையில் முக்குவதும் இதே வகைதான். அதைக் கவனிக்காமல் பயிற்சியை மட்டும் பார்த்துப் பார்த்துச் செய்து பயனில்லை.

பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சி முறை இங்கே உதவுவதற்கு முதல் காரணம் அதன் மூச்சு. பலம் போடும் இடத்தில் மூச்சு வெளியே போக வேண்டும் என்பது அதன் அரிச்சுவடி. ஜோசப் பிலாட்டீஸ் 1883-ல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் காவலில் அடைபட்டிருந்த காலத்தில் இந்த முறையை வளர்த்தெடுத்தார். பிறகு நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் நடத்தினார். அவர் அதற்கு வைத்த பெயர் 'கன்ட்ராலஜி'. அவர் வகுத்த 34 தரைப் பயிற்சிகளும் நல்ல உடம்புக்காரர்களை மனதில் வைத்துச் செய்தவை. பக்கவாதம் வந்தவருக்கு அவற்றில் அப்படியே பொருந்துவது ஒன்றிரண்டு தேறினாலே அதிகம். நமக்கு வேண்டியது அந்தப் பட்டியலுக்கு அடியில் இருக்கும் மூச்சு, இடுப்பெலும்பின் சிறு அசைவு, நிதானம் ஆகிய மூன்றும்தான்.

இரண்டாவது காரணம் நடு உடம்பு. "கை வந்துச்சா? கால் வந்துச்சா?" என்றுதான் உறவுக்காரர்கள் விசாரிப்பார்கள், வயிறும் முதுகும் வந்ததா என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு பக்கம் விழுந்தவருக்கு, அதாவது ஒரு பக்கம் செயலிழந்தவருக்கு, அந்தப் பக்கத்து விலா, இடுப்பு, முதுகுத் தசைகளும் சேர்ந்தே தளர்ந்திருக்கும். உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சரிவதும், படுக்கையில் புரள முடியாததும், நடக்கும்போது இடுப்பைத் தூக்கிக் காலை வீசிப் போடுவதும் அதனால்தான். பிலாட்டீஸ் வேலை செய்வது இந்த இடத்தில். விரல்கள் திறப்பதற்கு இதனால் பெரிய பயன் இல்லை. ரத்தக் கொதிப்பும் மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு இறங்காது. பக்கவாதத்துக்கு பிலாட்டீஸ் குறித்து இதுவரை வந்த ஆய்வுகள் சிறிய அளவிலானவை. பிசியோதெரபிக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளாமல், அதோடு சேர்ந்த ஒன்றாக வைத்துக்கொள்வதே நியாயம்.

பிடிமானம் இல்லாமல் நாற்காலியில் ஐந்து நிமிடமாவது உட்கார முடிகிறவர், ஒரு வரிச் சொல்லைப் புரிந்து செய்கிறவர், பயிற்சி செய்யலாம் என்று மருத்துவர் சொல்லியிருப்பவர் தொடங்கலாம். அடைப்பால் வந்ததா, ரத்தக் கசிவால் வந்ததா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கசிவு என்றால் மருத்துவர் எந்த எண்ணுக்குள் அழுத்தம் இருக்க வேண்டும் என்கிறாரோ, அந்த எண்ணுக்குள் சில வாரம் தொடர்ந்து நின்ற பிறகே படுக்கைப் பயிற்சிக்குப் போக வேண்டும். அதுவரை உட்கார்ந்து மூச்சு மட்டும்.

அளப்பதில் நடக்கும் தவறுகள்

பி.பி. மெஷின் இருக்கிற வீடுகளிலும் பாதித் தப்பு அளப்பதிலேயே நடக்கிறது. கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் டீ, காபி, பீடி எதுவும் கூடாது. பட்டை வெறும் தோலில், மேல் கையில், நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். எப்போதும் நல்ல கையில்தான் அளக்க வேண்டும். விழுந்த கையில் தசை இறுகியோ தொளதொளத்தோ இருப்பதால் எண் மாறிவிடும். வீங்கிய கையில் பட்டை அழுத்துவதும் நல்லதில்லை. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து சராசரி எழுதுங்கள். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர் என்றால் மூன்று முறை. பக்கவாதத்துக்குக் காரணமே அந்தத் துடிப்பாக இருந்த பலருக்கு மெஷின் ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டும். அதைப் பார்த்து மெஷின் ரிப்பேர் என்று தூக்கிப் போடாதீர்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு மருத்துவர்கள் வைக்கும் இலக்கு 130/80-க்குக் கீழ். வீட்டுப் பயிற்சிக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: மேல் எண் 160, கீழ் எண் 100, இதில் எது தாண்டினாலும் அன்றைக்கு உட்கார்ந்த மூச்சுப் பயிற்சி மட்டும். 180 அல்லது 110 தாண்டினால் எதுவும் வேண்டாம். கால் மணி நேரம் அமைதியாக இருந்துவிட்டு மறுபடி அளந்து, அப்போதும் இறங்காவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் கேட்க வேண்டும். எண் அதிகம் காட்டுகிறதே என்று இன்னொரு மாத்திரையைச் சேர்த்துப் போட்டுவிட்டுப் பயிற்சியைத் தொடங்குகிறவர்கள் உண்டு. அழுத்தம் படாரென்று இறங்குவதும் மூளைக்கு ஆபத்துதான். மேல் எண் 100-க்குக் கீழே இருந்தாலும், எழுந்ததும் கிறுகிறுப்பு இருந்தாலும் அன்று விடுமுறை.

படுத்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறையும் அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் நிற்கும் பயிற்சி இப்போதைக்கு வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஏப்ரல், மே மாதத் தருமபுரி வெயிலில் இது அடிக்கடி நேரும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரில் இதற்கு நேர்மாறு: குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி எண் ஏறும். காலை ஆறு மணிக்குக் குளிர்ந்த தரையில் பாய் விரிப்பது அங்கே சரிவராது. சிற்றுண்டியும் மாத்திரையும் முடிந்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து, அதாவது ஒன்பதரையிலிருந்து பதினொன்றுக்குள் என்பது பெரும்பாலும் எல்லாக் காலத்துக்கும் ஒத்துவரும். வயிறு நிறையக் களி சாப்பிட்ட உடனே கிடந்து முட்டி மடக்கச் சொன்னால் யாருக்கும் மூச்சு திணறும்.

மாத்திரைச் சீட்டை ஒருமுறை படித்துவிடுங்கள். அட்டெனலால், மெட்டோபுரோலால் வகை எடுப்பவருக்கு நாடி வேகமாக ஏறாது. 'நாடி 80-தானே, இன்னும் செய்யலாம்' என்ற கணக்கு அவரிடம் பொய்க்கும். பேச்சைத்தான் அளவுகோலாக வைக்க வேண்டும்: செய்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் சரி, வார்த்தை வார்த்தையாகத் துண்டானால் அதிகம். ஆம்லோடிபின் எடுப்பவருக்குக் கணுக்கால் வீங்கலாம்; அது பயிற்சியால் வந்ததில்லை. ஆனால் ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினால் ரத்தக்கட்டா என்று பார்க்காமல் அந்தக் காலை அசைக்கவோ நீவவோ கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு லேசாக இடித்தாலே கன்றிப்போகும் என்பதால் கட்டில், நாற்காலி விளிம்புகளில் துணி சுற்றுங்கள்.

இடம்

கயிற்றுக் கட்டில் ஆகவே ஆகாது. நடுவில் குழிவதால் இடுப்பு அசைவது யாருக்கும் தெரியாது, படுத்திருப்பவருக்கும் தெரியாது. கோரைப்பாய் சிமெண்ட் தரையில் வழுக்கும். மரக்கட்டிலில் கெட்டியான இலவம்பஞ்சு மெத்தை, அதன்மேல் மடித்த ஜமக்காளம் போதும். தரையில்தான் செய்வேன் என்று அடம்பிடிப்பவரை முதல் இரண்டு மாதம் தடுத்துவிடுங்கள். தரையில் இறங்குவது சுலபம், ஏற்றுவதற்குள் இரண்டு பேர் தம் கட்ட வேண்டியிருக்கும், அவரும் சேர்ந்து கட்டுவார்.

ஒரு கெட்டித் தலையணை, இரண்டு துண்டு, கைப்பிடி இல்லாத நிலையான மர நாற்காலி, வழுக்காத ரப்பர் விரிப்பு ஒரு சாண் அளவு. இவ்வளவுதான் செலவு. பழைய வீட்டுத் திண்ணை முழங்கால் உயரத்துக்கு இருந்தால் நாற்காலியைவிட அது மேல். ஸ்பிரிங்கில் சறுக்கும் பலகை வைத்த 'ரிஃபார்மர்' என்ற பிலாட்டீஸ் கருவி பெங்களூரில் பல இடங்களில் உண்டு. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தானே என்று கூட்டிப் போகிறார்கள். பக்கவாத நோயாளிகளைக் கையாண்ட பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நிற்காமல் அதில் ஏற்றாதீர்கள். விழுந்த கையின் பிடி நழுவினால் ஸ்பிரிங் பலகையை இழுத்துக்கொண்டு போகும், தோள்பட்டை அதோடு போகும்.

தோள்பட்டை பற்றித் தனியே சொல்லத்தான் வேண்டும். மேல்கை எலும்பைக் குழிக்குள் பிடித்து வைத்திருந்த தசைகள் தளர்ந்ததும் மூட்டு கீழே இறங்கிவிடும். தோள் நுனிக்குக் கீழே ஒரு விரல் பள்ளம் தட்டுப்படும். அந்தக் கையைப் பிடித்து இழுத்து எழுப்புவது, அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது, எண்ணெய் தேய்த்துச் சுளுக்கெடுப்பதுபோல் உதறுவது, இந்த மூன்றும் வலியைக் காலத்துக்கும் நிறுத்திவிடும். பயிற்சியில் அந்தக் கை எப்போதும் தலையணைமேல் அல்லது நல்ல கையின் ஏந்தலில்தான். தோள் உயரத்துக்கு மேலே தூக்க வேண்டாம்.

பயிற்சி

முதல் இரண்டு வாரம் மூச்சு மட்டும் போதும். முட்டி மடக்கி மல்லாக்கப் படுத்து, தலைக்குத் தலையணை வைத்து, அல்லது நாற்காலியில் உட்கார்ந்து செய்யலாம். துண்டை விலாவைச் சுற்றிக் கட்டி, முன்பக்கம் முனைகளை உதவுபவர் லேசாகப் பிடித்துக்கொள்ளட்டும். மூக்கு வழியாக மூன்று எண்ணும் வரை இழுக்கும்போது விலா இரண்டு பக்கமும் விரிந்து துண்டைத் தள்ள வேண்டும். விழுந்த பக்கம் தள்ளாது. அந்தப் பக்கம் உள்ளங்கையை வைத்து "இங்க தள்ளுங்க மாமா" என்று சொன்னால் சில நாளில் பிடிபடும். பிறகு உதட்டைக் குவித்து ஐந்து எண்ணும் வரை ஊத வேண்டும். விளக்குச் சுடர் அணையாமல் சாய்கிற அளவு ஊதல். ஊதும்போது அடிவயிறு தானாக உள்ளே போகும், வேட்டியை இறுக்கிச் செருகும்போது போகிற அளவு. அதற்குமேல் இறுக்கினால் கழுத்து நரம்பு புடைக்கும், முகம் சிவக்கும், விழுந்த கை மடங்கி நெஞ்சுக்கு ஏறும். இந்த மூன்றில் எது தெரிந்தாலும் பலம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். ஆறு மூச்சு, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி ஆறு. இழுக்கும் மூச்சை வேகமாக்கினால் தலை கிறுகிறுக்கும். விரல் நுனி மரத்தால் நிறுத்திச் சாதாரணமாக மூச்சு விடச் சொல்லுங்கள்.

அடுத்தது இடுப்பைச் சாய்ப்பது. அதே படுக்கை. முட்டிகளுக்கு நடுவே மடித்த துண்டு. விழுந்த கால் வெளியே சரிந்து விழாமல் அது பிடிக்கும். பாதத்துக்கு அடியில் ரப்பர் விரிப்பு. ஊதிக்கொண்டே இடுப்பின் பின்பக்கத்து வளைவு படுக்கையைத் தொடும்படி அழுத்த வேண்டும், இழுத்துக்கொண்டே விட வேண்டும். அசைவு ஓர் அங்குலம்கூட இராது. 'இதில் என்ன ஆகப்போகிறது' என்று வீட்டில் சிரிப்பார்கள். புரண்டு படுக்க, எழுந்து உட்கார, வேட்டி கட்ட என்று எல்லாமே இந்த ஓர் அங்குலத்தில் ஆரம்பிக்கிறது. ஆறிலிருந்து எட்டு முறை. நல்ல காலால் உந்தி இடுப்பைத் தூக்கிவிடுவதுதான் வழக்கமான ஏமாற்று. நல்ல பாதத்தின் குதிகால் படுக்கையில் அழுந்துகிறதா என்று கை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குதிகாலைச் சறுக்குவதற்கு விழுந்த காலில் ஒரு பருத்தி சாக்ஸ் போட்டு, அடியில் வழவழப்பான துணி விரிக்கவும். காலை நீட்டும்போது ஊத வேண்டும் என்றுதான் பொதுவாகச் சொல்லிக் கொடுப்பார்கள். பக்கவாதத்தில் நீட்டுவது சுலபம், மடக்கித் திரும்பக் கொண்டுவருவதுதான் மலை. எது கஷ்டமோ அதில்தான் ஊத வேண்டும். ஆகவே இங்கே மடக்கும்போது ஊதுங்கள். முட்டி வெளியே விழாமல் உதவுபவர் இரண்டு விரலால் வழிகாட்டினால் போதும், தூக்கிக் கொடுக்க வேண்டாம். ஐந்து முறை. உணர்ச்சி மரத்த குதிகாலில் தோல் சிவந்திருக்கிறதா என்று முடிந்ததும் பாருங்கள்.

இடுப்பைத் தூக்கும் பாலம் நான்கு வாரத்துக்கு முன்னால் வேண்டாம். அழுத்தம் கட்டுக்குள் நிற்காதவர்களுக்கு அதன் பிறகும் வேண்டாம். தலைக்கும் தோளுக்கும் சேர்த்துத் தலையணை கொடுத்து, ஊதிக்கொண்டே இரண்டு மூன்று அங்குலம் மட்டும் தூக்கி, மேலே நிறுத்தாமல் இறக்க வேண்டும். 'மேலே பிடிச்சு பத்து எண்ணுங்க' என்பது அழுத்தத்தை ஏற்றும். அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் எந்தத் தசை வேலையும் அப்படித்தான். நல்ல பாதத்தை ஒரு சாண் தள்ளி வைத்தால் விழுந்த காலுக்கு வேலை கூடும். அதைச் செய்த அன்று எண்ணிக்கையை மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கையிலிருந்து எழுவதும் பயிற்சியில் சேர்த்திதான். விழுந்த கையை நல்ல கையால் பிடித்துக்கொண்டு நல்ல பக்கம் புரண்டு, கால்களைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, நல்ல முழங்கையை ஊன்றி, ஊதிக்கொண்டே எழ வேண்டும். உட்கார்ந்ததும் இரண்டு நிமிடம் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டுத்தான் நிற்க வேண்டும். நிமிர்ந்த வேகத்தில் நின்றவர்கள்தான் விழுகிறார்கள்.

உட்கார்ந்த பயிற்சிக்குத் திண்ணை. முதலில் இரண்டு பிட்டத்திலும் எடை சமமாக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்த பக்கம் இடுப்பு தாழ்ந்தால் அங்கே ஒரு துண்டை மடித்து வைக்கவும். கைகளை ஏந்தலாகச் சேர்த்து, ஊதிக்கொண்டே நெஞ்சை ஒரு பக்கம் திருப்பி, இழுத்துக்கொண்டே நடுவுக்கு வர வேண்டும். முட்டிகள் நேராகவே இருக்கட்டும். பக்கத்துக்கு நான்கு. குனியும் பயிற்சியை மேசைமேல் துண்டு விரித்துக் கைகளை முன்னே சறுக்கியே செய்ய வேண்டும். நெஞ்சைவிடத் தலை தாழக் கூடாது. வலது மூளையில் அடிபட்டவர்களில் சிலருக்கு இடது பக்கம் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோகும். தட்டில் இடது பாதிச் சோறு மிச்சமிருந்தால் சந்தேகப்படலாம். அவர்களுக்கு உதவுபவர் இடது பக்கம் உட்கார்ந்து, அங்கிருந்தே பேச வேண்டும்.

கடைசியில் உட்கார்ந்து எழுவது ஐந்து முறை. விழுந்த பாதம் நல்ல பாதத்தைவிடக் கொஞ்சம் பின்னால், மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை சாய்ந்து, பிட்டம் கிளம்பும் நொடியில் ஊத வேண்டும். தம் கட்டுவது அதிகமும் நடக்கிற இடம் இதுதான். வெறும் "ஊதுங்க" என்று சொல்வதைவிட வாய்விட்டு எண்ணச் சொல்வது பலிக்கும். எண்ணிக்கொண்டே யாராலும் மூச்சை அடைக்க முடியாது. பேச்சு குழறுபவர்களுக்கும் எண் வரிசை பல நேரம் தப்பிப் பிழைத்திருக்கும். இந்த மாவட்டங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் ஏராளம். தமிழில் ஒன்று, இரண்டு வராதவருக்கு 'ஒக்கட்டி, ரெண்டு' என்றோ 'ஒந்து, எரடு' என்றோ ஆரம்பித்துக் கொடுத்தால் மடமடவென்று வருவதுண்டு. எண்ணும் வராதவர் 'ம்ம்ம்' என்று முனகினாலே போதும், மூச்சு வெளியே போகிறது.

எல்லாம் சேர்ந்து கால் மணியிலிருந்து இருபது நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். முடிந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு அளந்தால் எண் தொடங்கியபோது இருந்ததற்குப் பக்கத்தில் அல்லது கொஞ்சம் கீழே வந்திருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்குப் பிறகும் மேல் எண் 20 கூடுதலாகவே நின்றால் அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். மறுநாள் பகலெல்லாம் படுத்தே கிடந்தால் அதுவும் அதிகம் செய்ததன் அடையாளம்தான். பக்கவாதத்துக்குப் பின் வரும் அசதி சோம்பல் இல்லை என்று வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது தனி வேலை.

வீடியோ பார்த்துச் செய்யக் கூடாதவை: தலையைத் தூக்கியபடி கையால் நூறு முறை காற்றை அடிக்கும் 'ஹண்ட்ரட்', உருண்டு எழும் 'ரோல் அப்', கால்களைத் தலைக்குமேல் கொண்டுபோகும் 'ரோல் ஓவர்', காலையும் உடம்பையும் ஒன்றாகத் தூக்கிப் பிட்டத்தில் நிற்கும் 'டீசர்', கையும் கால்விரலும் ஊன்றி உடம்பைப் பலகைபோல் நிறுத்தும் 'பிளாங்க்'. தலை தாழ்வது, இறுக்கிப் பிடிப்பது, இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்குவது, இவற்றில் ஏதாவது ஒன்று இவை எல்லாவற்றிலும் இருக்கிறது. இறுகிப்போன கைக்குப் பந்து பிசையக் கொடுப்பதும் வேண்டாம். மடங்கும் தசைதான் ஏற்கெனவே முறுக்கேறி இருக்கிறது, திறக்கும் தசைக்குத்தான் வேலை வேண்டும்.

இந்தப் பகுதிக்கென்றே ஒரு எச்சரிக்கை. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் வயதானவர்களில் பலர் ஃப்ளூரைடு மிகுந்த ஆழ்குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது 2013-ல்தான். நீண்ட காலம் அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகியிருக்கலாம். அவரைக் குனிய வை, வளைய வை என்று அழுத்தினால் வலிக்கும், வலி ரத்த அழுத்தத்தை ஏற்றும். கழுத்தும் முதுகும் மரக்கட்டையாகத் திரும்பினால் சுழற்றும் பயிற்சியை விட்டுவிட்டு மூச்சோடும் இடுப்போடும் நிறுத்துங்கள். அந்த விறைப்பைப் பக்கவாதத்தின் கணக்கில் எழுதிப் போராடுவது வீண்.

புதிதாகத் தலைவலி, பார்வை மங்கல், வாய் கோணல், பேச்சுக் குழறல், நல்ல பக்கத்தில் திடீர்த் தளர்ச்சி, நெஞ்சுவலி, இவற்றில் எது வந்தாலும் படுக்க வைத்து 108-ஐ அழைக்கவும். தண்ணீர், சோடா, மாத்திரை எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் தசை வேலை செய்யாவிட்டால் நுரையீரலுக்குப் போகும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை எழுதி வையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால் மருத்துவமனையில் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.

மாத்திரைக்கும் பிசியோதெரபிக்கும் தூரம் ஒரு சாக்காக வேண்டியதில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். ரத்தக் கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பிசியோதெரபியும் அந்தத் திட்டத்தில் சேர்த்தி. வருகிறவரிடம் பயிற்சி நோட்டைக் காட்டுங்கள். தேதி, நேரம், மாத்திரை போட்ட மணி, முன் எண், பின் எண், எத்தனை முறை, எங்கே வலி என்று ஏழு கட்டம் போட்ட நாற்பது பக்க நோட்டு போதும். ஊறுகாயும் கருவாடும் சாப்பிட்ட நாளையும் ஓரத்தில் குறித்தால், எண் ஏறிய காரணம் சில சமயம் அங்கேயே கிடைக்கும்.

ஆறு, எட்டு வாரம் கழித்து, எண்கள் அடங்கி, உட்கார்ந்து எழுவது பிசகாமல் வந்தால் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பயிற்சிக்குப் போகலாம்: எடையை இந்தக் கால், அந்தக் கால் என்று மாற்றுவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது. உதவுபவர் விழுந்த பக்கம், அரையடி பின்னால், இடுப்புத் துணியில் ஒரு கை வைத்து நிற்க வேண்டும். இனி எண்ணுவதை அவரிடமே விட்டுவிடலாம். குரல் எந்த எண்ணில் நின்றுபோகிறதோ அந்த எண்ணில் தம் கட்டிவிட்டார். அதற்கு முந்தைய எண்தான் அன்றைய கணக்கு.